வலது இறக்கையில் வட்டம் இல்லை

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

கடிதம் போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் வீட்டுப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய்.

நீ ஒட்டி, வண்ணம் அடிக்காமல் விட்ட பழைய போர் விமான மாடல், நீ கிளம்பிய அன்று அப்பா சுவரில் வீசி உடைத்தாரே, அது பரணில் இல்லை. பெட்டியோடு காணோம். ஞாயிறு மதியமானால் அப்பா பின்னறையைத் தாழ் போட்டுக்கொள்கிறார். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை வருகிறது. அவர் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் ஒரு மாதமாக வெள்ளை பஸ்கள்தான். அவர் நகக்கண்ணில் மட்டும் பச்சை. கேட்டால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்கிறார். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

உன் தங்கை

மார்ச் 14

குருவி,

இதில் யோசிக்க என்ன இருக்கு? விற்கப் போறார். பழைய மாடலுக்கு இப்போ கிராக்கி. உடைச்சதும் அவரே, விற்கிறதும் அவரே. போட்டோ எடுத்து அனுப்பு. அவர்கிட்ட மூச்சு விடாதே.

அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

ஜன்னல் இடுக்கு வழியாக எடுத்தேன். இரண்டு படம்தான் தேறியது, இதோடு வைத்திருக்கிறேன். "யாரு அங்க?" என்றார் அப்பா. பதறிப்போய் "பூனைப்பா" என்றேன். "பூனை நல்லாத்தான் பேசுது" என்றார்.

உன் தங்கை

ஏப்ரல் 2

குருவி,

வயிற்றுப் பக்கம் சாம்பல் அடிக்கணும். பெட்டிக்குள்ள இருக்கிற தாளிலேயே போட்டிருக்கு. நீலம் அடிச்சிருக்கு. இடது இறக்கையில் வட்டச் சின்னம் இருக்கு, வலதில் இல்லை. பஸ்ஸில் ஒரு கோடு நூலளவு விலகினாலே சுரண்டிட்டு மறுபடி அடிக்கிற மனுஷன் இப்படி விடுவாரா? இது அவர் கை இல்லை. வேற யாரோ வர்றாங்க. யாருன்னு பார்.

அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

யாரும் வரவில்லை. நேற்று அப்பா பட்டறைக்குப் போனதும் பின்னறைக்குள் போனேன். மேசைக்கு நேரே சுவரில், நீ நான்காம் வகுப்பில் பெட்டி மூடியைப் பார்த்து வரைந்த படம். மூடியை எலி தின்று எத்தனையோ வருடமாகிறது. சாம்பல் கிரேயான் தீர்ந்துபோய் வயிற்றுக்கு நீலம் அடித்திருக்கிறாய். வலது இறக்கை நுனி வருவதற்குள் தாள் முடிந்துவிட்டது.

நீ சொன்ன தாள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. முழுக்க ஆங்கிலம். பட்டம் வாங்கிய பெண் அடுத்த அறையில் இருக்கிறேன். படித்துச் சொல் என்று கேட்க அவருக்குக் கூச்சம். நானோ அவரை வேவு பார்த்தேன்.

மறந்துபோன சாப்பாட்டுப் பைக்காகத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "வலது பக்கம் வட்டம் விட்டுப்போச்சுப்பா" என்றேன்.

"அவன் போடலையே. அவனுக்குத் தெரியாததா?" என்றார்.

உடைந்ததையெல்லாம் ஒட்டி, வண்ணமும் அடித்து முடித்துவிட்டார். விமானி உட்காரும் இடத்துக்கு மேல் வரும் கண்ணாடி மட்டும் ஒட்டவில்லை. பசை சிந்தினால் மங்கிவிடுமாம்; அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. அதைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிறு வந்து ஒட்டிக் கொடு அண்ணா. நீலத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதே.

உன் தங்கை