சாயங்காலம் மட்டும் வைத்திருந்தவனுக்கு

மருமகனே, எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். நீ ஊரூராய்ப் பேர் எடுப்பாய் என்று தொட்டிலில் பார்த்தே சொன்னவன் நான். உன் அம்மாதான் நம்பவில்லை. இன்றைய மழைக்கு நம் தோல்ஷாப்பில் தோல் பதனிட ஊறப்போட்ட ஆவாரம்பட்டை வாசம் கிளம்பிவிட்டது. உன் சட்டையிலும் எப்போதும் இதே வாசந்தான். கண்ணை மூடினேன், நீ சைக்கிளில் போய்க்கொண்டே இருக்கிறாய்.

சிறுமலை அடிவாரத்துக் கல்லூரியில் என்ன படிப்பு என்று கேட்டேன். "இளைஞர் பணி, மாமு" என்றாய். தேர்டு பாரத்தோடு என் படிப்பு நின்றால் என்ன, எனக்கா தமிழ் தெரியாது? இளைஞருக்குப் பணி! திண்டுக்கல் கடைவீதியிலிருந்து செம்பட்டி வரை சொல்லிவைத்தேன்: "எம் மருமகன் வேல குடுக்குற படிப்புல்ல படிக்கிறான்!"

படிப்புக்காகச் செம்பட்டியில் நீ தொடங்கிய வாலிபர் மன்றத்தை அதுவரை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பேராசிரியர் பார்வையிட வரும்போது மைதானம் காலியாக இருந்தால் உன் பாஸ் அதோடு போச்சு. அவர் வந்த அன்று பார்த்தால், படிய வாரிய தலையும் சுருட்டிய சர்ட்டிபிகேட்டுமாகத் திருவிழாக் கூட்டம்! என் வாய் சேர்த்த கூட்டம். செம்மண் புழுதி பொன்னாக மிதந்தது. மலையே கிட்டத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

நீ கையில் ஒரு பந்தோடு நின்றாய்.

"வேலைன்னுல்ல சொன்னாக? பந்தைக் காட்டுறீரு?" என்றான் முன்னால் நின்றவன்.

"ஏலே, சர்க்கஸ்ல சேக்கப் போறாருடோய்!" என்றான் இன்னொருத்தன்.

ஓரத்தில் பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வேல வரும்னு ஒரு வார்த்த சொல்லிவையி அப்பு" என்று உன் காதில் ஓதினேன். நீ கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாய்:

"எங்கிட்ட வேல இல்லண்ணே. இந்தச் சாயங்காலந்தான் இருக்கு. செத்த நேரம் இருந்துட்டுப் போங்க."

இன்றைக்கும் தோல்ஷாப்புக்கு வேலை கேட்டு வருகிறவனை வெறுமனே அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. பெஞ்சில் உட்காரவைத்து டீ சொல்லுவேன். இது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அன்றைக்கு அம்புட்டுப் பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள், பேராசிரியர் கண்கலங்கிப் பாஸ் போட்டார் என்றுதான் ஊரெல்லாம் சொல்லுவேன். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் சொன்னேன். ஆனால் உனக்கே எழுதும்போது கை ஓடவில்லை. நீ அங்கே இருந்தவன். பாஸ் போட்டது மெய். கூட்டம் உட்கார்ந்தது என் கைச்சரக்கு. வைதுகொண்டே எல்லாரும் பஸ் ஏறிப் போனார்கள். ஒரே ஒருத்தன் சர்ட்டிபிகேட்டைக் கல்லுக்கடியில் செருகிவிட்டு, "எறிங்கண்ணே" என்றான். நீ பேராசிரியர் பக்கம் திரும்பவேயில்லை. எறிந்தாய். பந்து கண்ணுக்குத் தெரியாத இருட்டிலும், அவன் சிரிக்கும் திசை பார்த்து எறிந்துகொண்டே இருந்தாய்.