நீ நடத்தி முடிக்காத ஆறு பாடங்கள்

நேற்று நெய்யாற்றின்கரையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பின் மூன்றாம் நாள். நடத்த வந்த இளைஞன் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் தந்தான். "புத்தகத்த மூடி வையுங்க டீச்சர்மாரே. முந்தாநாள் படிச்சத ஓர்மையில இருந்து எழுதுங்க." மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் பாடம் மனதில் ஊன்றுமாம். எல்லோரும் கைதட்டினார்கள். "டீச்சர் முன்னாடியே இப்படித்தான் செய்யுமாமே, எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டான். "அனுபவமாக்கும்" என்றேன்.

பொய். உன்னிடமிருந்து எடுத்தது. நீ செத்துப் பதினொரு வருடம் ஆகிறது.

பாறசாலைப் பக்கம் அந்தத் தமிழ்ப் பள்ளியில் நாம் இருவரும் தற்காலிக டீச்சர்கள். நாலாம் வகுப்பு ஏ எனக்கு, பி உனக்கு. நடுவில் ஒரு தட்டி. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தவர்களுக்கே சர்க்கார் பத்து சென்ட் பதிந்து கொடுத்த காலம். உன் வகுப்புத் தங்கம்மைக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவே இல்லை. ஆனால் தன் வீட்டு நிலத்தை மூச்சுவிடாமல் சொன்னாள்: கிழக்கே ஓடை, தெற்கே வேலி, நாலு தென்னை, ஒரு அயனி மரம்.

"எப்படிப் பிள்ளே?" என்று நீ கேட்டாய்.

"நிலம் அளக்க ஆப்பீசர் வந்தா சொல்லணும்னு அப்பன் தினமும் கேக்கும், டீச்சர்."

அன்று மத்தியானம் நீ சோறே உண்ணவில்லை. "மக்கா, பிள்ளைகளுக்கு ஓர்மை இல்லாம ஒண்ணும் இல்ல. நாம சொல்லிட்டே போறோம், கேக்க மாட்டோம். அதாக்கும் குத்தம்."

மறுநாள் முதல் தினமும் முந்தின நாள் பாடத்தில் மூன்று கேள்வி, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று என்று நீ கேட்கத் தொடங்கினாய். பதில் வராவிட்டால் அடிக்க மாட்டாய், காத்திருப்பாய். தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் ஒரே குரலில் பாடத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது எனக்கு எல்லாப் பாடமும் முடிந்திருந்தது. உனக்கு ஆறு பாடம் பாக்கி. நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது. பழைய பாடத்தையே கேட்டு நீ நேரத்தை வீணாக்குகிறாய் என்று எழுதித் தரச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தந்தேன். வேலை எனக்குக் கிடைத்தது.

நீ வந்து ஒன்றுதான் கேட்டாய். "நீ இத நம்பியா எழுதின?"

நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடமே நீ குவைத்துக்குப் போனாய், ஒரு அரபி வீட்டில் பிள்ளை பார்க்க. ஊரில் எல்லோரும் உனக்கு யோகம் என்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தாய். கடைசியில் பெட்டியில் வந்தாய். திருப்புறத்தில் உன்னை அடக்கம் செய்தபோது நான் கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. ரோட்டில் நின்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீ போன அடுத்த ஜூனில் இரண்டு வகுப்பையும் சேர்த்து ஐந்தாம் வகுப்பாக எனக்கே தந்தார்கள். முதல் நாள் பழைய பாடத்தைக் கேட்டேன். எல்லாம் முடித்த என் பிள்ளைகள் முழித்தார்கள். உன் பிள்ளைகளுக்கு அந்த ஆறு பாடம் தெரியாது. மற்றதையெல்லாம் யோசித்து யோசித்துச் சொன்னார்கள். தங்கம்மை ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிவிட்டு, "எங்க டீச்சர் எப்போ வரும்?" என்றாள்.

"வராது, இரி" என்றேன்.

ஹெட்மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். மேடையில் என்ன பேசுவார்கள் என்று தெரியும்: இந்த டீச்சரிடம் படித்த பிள்ளைகள் எதையும் மறக்க மாட்டார்கள். கழுத்தில் மாலையோடு, மறுத்து ஒரு வார்த்தை பேசாமல், நான் உட்கார்ந்திருப்பேன்.