மூலைவாட்டில் வெட்டிய சோப்பு

வியாழன், இரவு

நாமக்கல் கணிதப் போட்டிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க, டீச்சர் இன்று வகுப்பில் நீளமான சோப்பு ஒன்றைக் காட்டினார். "இதை மூலைக்கு மூலை வெட்டுனா அது சமச்சீர்த் தளமா?"

இரண்டு பாதியும் சமம்தானே என்று எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நான் மட்டும் இல்லை என்றேன்.

"எப்படிச் சொல்றே கண்ணு?"

சோப்பை வெட்டி, ஒரு பாதியின் வெட்டிய பக்கத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன். சமச்சீர்த் தளமாக இருந்தால் பிம்பத்தோடு சேர்ந்து பழைய முழு சோப்பு தெரிய வேண்டும்; அது தெரியவில்லை. காற்றில் விடும் பட்டத்தின் வடிவம்தான் தெரிந்தது. டீச்சர் என்னையே தேர்ந்தெடுத்தார்.

வீட்டில் அப்பா, "அவ்வளவு தூரம் எதுக்கு சாமி?" என்றார்.

"ஜெயிச்சுட்டு வாரேனுங்கப்பா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அடுப்படியில் அப்பா அம்மாவிடம் கேட்கிறார்: "சோளக்காடு ஸ்டாப்புல நாமக்கல் போற மொத பஸ்சு எத்தனை மணிக்கு?"