முத்துச்செல்வியின் மூக்கு

ஜூன் 30, திங்கள்

காலையில் சாரல். மதியம் வெயில். மறுபடி சாரல். அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம்.

முத்துச்செல்வி பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். ஒரு வாரம் லீவு. ஞாயிற்றுக்கிழமை பண்பொழிக்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஆனந்தவள்ளி சொன்னதும் "சரிம்மா" என்றாள். சண்டை போடுவாள் என்று இருவரும் தயாராக இருந்தோம். பெற்ற மகளின் "சரிம்மா" இவ்வளவு பயமுறுத்தும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வழக்கம்போல் மொட்டைமாடியில் என் இரண்டு பெக். மிலிட்டரி கேண்டீன் விஸ்கி, கிளாஸ் நிறைய ஐஸ், சோடா, மிக்சர். பட்டாளத்தில் பழகியது, ரிட்டயர் ஆன பிறகும் மாறவில்லை. இந்தக் குத்துக்கல்வலசையில் விஸ்கியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது.

ஜூலை 1, செவ்வாய்

மல்லிகைப் பூ வேண்டாம் என்கிறாள். மீன் குழம்பு வேண்டாம். பச்சை வெங்காயம் வேண்டாம். சாம்பிராணி போட்டதும் வாசலுக்கு ஓடிவிட்டாள். துண்டை மோந்து பார்க்கிறாள், தண்ணீர் டம்ளரை மோந்து பார்க்கிறாள், நேற்று வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியையும்.

ஆனந்தவள்ளி மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கிளாஸோடு இருக்கும்போது அவள் மேலே வருவதே இல்லை.

"ஏங்க, பூ வாடை ஆகலங்கா. மீனு வாடை ஆகலங்கா."

"சரி, அதுக்கு?"

"அவ என் வயித்துல இருக்கையில எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

என்ன சொல்லுகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் சோடா மூக்கில் ஏறிவிட்டது.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

முத்துச்செல்வி குளிக்கப் போன நேரத்தில் ஆனந்தவள்ளி அவள் பையைத் திறந்துவிட்டாள். தப்புதான். நானும் கதவருகே காவல் நின்றேன், அதுவும் தப்புதான். சுடிதார்களுக்கு நடுவே ஒரு பெட்டி. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். மஞ்சளாக, கொஞ்சம் அதிக மஞ்சளாக, பழுப்பாகத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருக்கிறது.

ஆனந்தவள்ளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தீங்களா? மூத்திர டெஸ்ட்டு. லேபுக்குக் குடுக்க வச்சிருக்கா."

"இத்தனையுமா?"

"மாசா மாசம் எடுப்பாவளா இருக்கும்."

ஒரு குப்பியின் மூடியைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன்? தெரியவில்லை. திறந்ததும் அந்த வாடை வந்தது.

"ஏட்டி ஆனந்தவள்ளி! சரக்குட்டி! இது சரக்கு!"

"முருகா, திருமலைக் குமாரா!" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். நம் மகள் பையில் எதற்குச் சரக்கு?

தலையைத் துவட்டிக்கொண்டே முத்துச்செல்வி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"உணவுத் தரக் கட்டுப்பாட்டு வேலைன்னு சொன்னியே ஏட்டி!" என்றேன்.

"விஸ்கி கம்பெனிப்பா. மோந்து பாத்து தரம் சொல்லுத வேலை. ஆகஸ்டுல எனக்குப் பெரிய டெஸ்ட்டு இருக்கு, பாஸானா பிரமோசன். அதுக்குத்தான் மூக்கப் பாதுகாக்கேன். ஊருல சொன்னா நீங்க ரெண்டுபேரும் என்ன ஆவீங்கன்னு தெரியும். அதான் சொல்லல."

"பொம்பளப் பிள்ள குடிக்குத வேலைக்கா போவும்?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் சுட்டது.

"அப்பா, நீங்க தினமும் குடிக்கீங்க, வேலை பாக்கல. நான் தினமும் வேலை பாக்கேன், குடிக்கல. வாயில வச்சாலும் துப்பிருவேன்."

இன்று மாடிக்குப் போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஆனந்தவள்ளி சமைத்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். முத்துச்செல்விக்குக் குப்பிகளை மாற்றி மாற்றி வைக்க ஒரு ஆள் வேண்டுமாம், நம்பர் தெரியாமல் மோந்து கண்டுபிடிக்க. வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் போனேன்.

முதலில் மோக்கக் கற்றுக்கொடுத்தாள். மூக்கைக் கிளாஸுக்குள் விடக் கூடாது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக மோக்க வேண்டும். நான் இத்தனை வருடம் வாயைத் திறந்தது ஊற்றுவதற்கு மட்டும்.

ஒரு குப்பி. வெண்ணிலா ஐஸ்கிரீம், புதுக் கட்டில் கடை. "பூர்பன்னு ஒரு விஸ்கிப்பா. அமெரிக்காவுல மக்காச்சோளத்துல காய்ச்சுதாவ. உள்பக்கம் கருக்கின புது மரப் பீப்பாய்ல வைப்பாவ." அடுத்தது சாதுவாக, பால் பிஸ்கட் மாதிரி. அது அயர்லாந்து, பெரும்பாலும் மூன்று தடவை வடிப்பார்களாம். அடுத்ததை மோந்ததும் பின்வாங்கினேன். மழையில் நனைந்த விறகுப் புகை, டிங்சர், காயத்துக் கட்டு. பதான்கோட் ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. ஸ்காட்லாந்தில் ஒருவகைச் சதுப்பு மண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியைக் காயவைப்பார்களாம். இதைக் காசு கொடுத்துக் குடிக்கிறார்களா! ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். புகை விலகி உள்ளே தேன் மாதிரி ஒன்று வந்தது. மறுபடி மோந்தேன்.

கடைசியாக என் கேண்டீன் பாட்டில். ஐஸ் இல்லாமல் மோந்தேன். பஸ்ஸில் கரும்பாலையைத் தாண்டும்போது வரும் வாடை.

"அப்ப நான் இத்தனை நாளா தப்பாவா குடிச்சேன்?"

"இல்லப்பா. இது பெரும்பாலும் கரும்புக் கழிவுப் பாகுல வடிச்சது. சோடாவும் ஐஸும் போட்டாத்தான் இதுக்கு மரியாத. பார்லியில காய்ச்சுன நல்ல மால்ட்டுக்கு ஐஸ் போட்டா அது மரத்துப் போவும், அதுக்குக் கொஞ்சம் தண்ணி போதும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை. நீங்க குடிக்குத முறை சரிதான், பெருமைதான் தப்பு."

ஜூலை 5, சனி

பண்பொழி மாடன் அண்ணாச்சி போன் செய்தார். ரிட்டயர்ட் ஏட்டு, மாப்பிள்ளையின் அப்பா. பையன் முத்துக்குமாரசாமி எஸ்.ஐ. எந்தப் பிரிவில் என்று இன்றுதான் சொன்னார். மதுவிலக்கு.

"சீசன் நல்லாருக்கு தம்பி. ஐந்தருவிப் பக்கம் காட்டேஜ் போட்டிருக்கேன். எல்லாரும் அங்கனயே வந்திருங்க, குளிச்ச மாதிரியும் ஆச்சு, பாத்த மாதிரியும் ஆச்சு. ஆமா, பொண்ணு என்ன வேலைன்னு சொன்னிய?"

"உணவுத் தரம் அண்ணாச்சி."

முத்துச்செல்வி பின்னால் நின்றிருக்கிறாள்.

"பார்டர்ல துப்பாக்கிக்கு முன்னால நின்ன ஆளு. ஒரு போனுக்குப் பதுங்குதீங்களேப்பா."

ஜூலை 6, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

அருவியில் குளித்தோம், மிளகாய் பஜ்ஜி தின்றோம். காட்டேஜில் ஈரத் துண்டுகளோடு உட்கார்ந்ததும் மாடன் அண்ணாச்சி பட்டுத் துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். ஸ்காட்ச். சர்வீஸில் இருந்தபோது யாரோ தோட்ட முதலாளி அன்பாகக் கொடுத்ததாம். கண்ணாடி பீரோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். "பையன் எஸ்.ஐ. ஆனப்பக்கூட உடைக்கல தம்பி. சம்பந்தியோடதான்னு வச்சிருந்தேன்."

ஊற்றினார். என்னை அறியாமல் வாயை லேசாகத் திறந்து ஓரமாக மோந்தேன். கேக் கடை வாடை. பக்கத்திலேயே யாரோ மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றவைத்த மாதிரி.

"எப்படி?"

"அருமை அண்ணாச்சி."

அப்போதுதான் வராந்தாவிலிருந்து முத்துக்குமாரசாமி உள்ளே வந்தான். பெண்ணிடம் தனியாகப் பேசிவிட்டு வருகிறான். முகமெல்லாம் ஆச்சரியம். "யப்பா, இவங்க விஸ்கி மோந்து பாக்குத வேலையாம்!"

ஆனந்தவள்ளி சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மாடன் அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அடேயப்பா! மருமவள்னா இப்படில்லா இருக்கணும்! வாம்மா, இத மோந்து சொல்லு."

முத்துச்செல்வி மோந்தாள். கிளாஸை மெல்லக் கீழே வைத்தாள். "மாமா, உள்ளதச் சொல்லவா, நல்லதாச் சொல்லவா?"

"போலீஸ்காரன்ட்ட உள்ளதத்தான் சொல்லணும்."

"இது ஸ்காட்லாந்தப் பாக்கல மாமா. வெறும் ஸ்பிரிட்டு. நிறத்துக்குச் சீனிய கருக்கி விட்டிருக்காவ, வாசத்துக்கு எசன்ஸு. பாட்டில் மட்டும்தான் வெளிநாடு."

அவர் முகம் பஜ்ஜி மிளகாய் மாதிரி வதங்கியது. அத்தோடு நின்றிருந்தால் எப்படியோ சமாளித்திருக்கலாம். முத்துக்குமாரசாமி பாட்டிலை வாங்கி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யப்பா, இது ஏற்கெனவே ஒருக்கத் திறந்து ஒட்டுன மூடி. யாரு குடுத்தா? அவரு பேரு என்ன? அட்ரஸ் என்ன?"

"ஏலே, பெத்த தகப்பனயே விசாரிக்கியா?"

"போலிச் சரக்குப்பா. நான் இத எடுத்துட்டுப் போவணும்."

எடுத்தே விட்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் அப்பாவின் பாட்டிலைப் பறிமுதல் செய்த மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை.

மாடன் அண்ணாச்சி எழுந்து சட்டையை மாட்டினார். உள்பக்கம் வெளியே தெரிந்தது. சரிசெய்யக்கூட இல்லை. "எங்க வீட்டு மருமவளுக்கு முகம் இருந்தாப் போதும். மூக்கு வேண்டாம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் முத்துச்செல்வி என் பக்கம் சாய்ந்தாள்.

"உங்களுக்கும் தெரிஞ்சுதுல்லா?"

"தெரிஞ்சுது."

"பொறவு ஏன் அருமைன்னு சொன்னீங்க?"

ஒரு கிளாஸுக்கு முன்னால் நான் பொய் சொன்னேன். அதே கிளாஸுக்கு முன்னால் அவள் சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

பஸ் ஏற்றிவிட்டேன். ஆனந்தவள்ளி வாசலோடு நின்றுகொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

மாடியில் கிளாஸைக் கையில் வைத்துக் கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தேன். ஆனந்தவள்ளி துணி எடுக்க வந்தாள்.

"என்ன, சாமி கும்பிடுதீங்களா?"

"மோந்து பாக்கேன்."

துணியை வைத்துவிட்டு, "கொண்டாங்க" என்றாள். மோந்தாள். முகம் சுளித்தாள். "இந்தச் சாக்கடையத்தானா இத்தனை வருசமா?"

ஒரு பெக்கோடு இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எஸ்.ஐ. முத்துக்குமாரசாமி போன் செய்தான். போலிச் சரக்கு பற்றி ஒரு ஆபீஸ் சந்தேகமாம். "எங்கிட்ட ஏன் கேக்கிய? அவகிட்டயே கேளுங்க" என்று நம்பரைக் கொடுத்தேன். கொடுத்தது சரியா?

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று அவளுக்கு டெஸ்ட். ஆனந்தவள்ளி விடியற்காலையிலேயே பண்பொழி மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பினாள், என்னிடம் காரணம் சொல்லாமல். நானும் கூடவே போனேன். மூச்சு வாங்க மலையேறினோம். பாதையோரக் கடையில் வெள்ளித் தகடு கேட்டாள், வேண்டுதலுக்கு. கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது.

"மூக்கு இல்லையா?"

கடைக்காரர் யோசித்தார். "மூக்குக்குன்னு யாரும் கேட்டதில்லம்மா. சளியா?"

"சளியில்ல. பரீட்ச."

கடைசியில் முழு முகமாக ஒன்று வாங்கினாள். "முகத்துல மூக்கும் இருக்குல்லா" என்றாள். அவள் உண்டியலில் போடும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒன்றும் தகவல் இல்லை. சாரல் குறைந்துவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

பாஸ்.

காலையில் போன் வந்தது. ஆனந்தவள்ளி கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் வாணலியை வைத்து ரவை வறுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

மதியம் மாடன் அண்ணாச்சி பேசினார். "அன்னைக்கு நடந்தத மனசுல வச்சுக்கிடாதிய தம்பி. பையன் பிடிவாதமா நிக்கான். பேச்ச மறுபடி எடுப்பமா?" நான் பதில் தேடுவதற்குள் ஆனந்தவள்ளி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அண்ணே, எம்மவ வேலைல இருப்பா. வந்த பொறவு அவகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்." வைத்துவிட்டாள்.

கேசரியைக் கிண்ணங்களில் போட்டுத் தெருவெல்லாம் கொடுக்கக் கிளம்பினாள். கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான். பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி வாங்கிக்கொண்டு, "என்னக்கா விசேசம்? பண்பொழி வரன் முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

"வரனா? அது கெடக்கு. எம்மவ மூக்குக்குப் பிரமோசன்."

ஜாஹிரா பீவி என்னைப் பார்த்தாள்.

"விஸ்கி கம்பெனில" என்றேன், தெரு முழுக்கக் கேட்கும்படி.