கைலிக்காரனை நீக்கியவனுக்கு

உன் காட்டேரி அணி கலைக்கப்படவில்லை. அது சுமதிக்குப் போகிறது. திருச்சியில் அந்தப் பலகை ஆட்ட லீக்கை நடத்துபவர் இன்று காலை தொலைபேசியில் இதை உறுதி செய்தார். பழக்கதோஷத்தில் ஒருமுறைக்கு இருமுறை கேட்டேன். அதே பதிலைத்தான் சொன்னார். பயிற்சியாளர் இறந்துபோனால் அணியைக் கலைத்துவிடுவதே இதுவரை அங்கே வழக்கம். இந்தத் தடவை மற்ற எல்லாப் பயிற்சியாளர்களிடமும் கருத்துக் கேட்டு, உன் தங்கைக்கே கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவள் இன்னொன்றும் கேட்டிருக்கிறாள். நீ நீக்கிய கைலிக்காரனை, அவன் கற்றுவைத்திருந்த வித்தைகளோடு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

செய்தி வந்தபோது நான் கீரனூரில் சுமதி வீட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, உன் காட்டேரிகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். ஒருவனுக்கு அங்கி உரிந்துபோயிருந்தது. அதற்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தாள். அந்த பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியதும் உன் முகம் வந்தது. நல்லவிதமாக வரவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது ‘பழகுவதற்கு இனியவர்’ என்று ஒரு வரி சேர்ப்பது எங்கள் பத்திரிகைத் தொழிலில் உண்டு. யார் யாருக்கோ எழுதியிருக்கிறேன். உனக்கு எழுத மாட்டேன்.

நீ துபாயிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியை, அறந்தாங்கியில் உன் மாடி அறையில் எனக்குத் திறந்து காட்டினாய். கட்டம் போட்ட பெரிய அட்டை, விரல் உயரப் பொம்மைகள், தாயக்கட்டை போல ஆனால் ஆறு முகமும் எட்டு முகமும் உள்ள பகடைகள்.

“பாருய்யா, இது ஃபுட்பால் மாதிரிதான். பந்த அந்தக் கடைசிக்குக் கொண்டு போகணும். ஆனா வழியில அடிக்கலாம், மிதிக்கலாம், குத்தலாம். ரெஃப்ரி பெருசாக் கண்டுக்க மாட்டான்.”

குள்ளர் அணி, பூத அணி, எலும்புக்கூட்டு அணி என்று எத்தனையோ இருக்க, நீ ரத்தக்காட்டேரி அணியை எடுத்தாய். அந்த அணியில் இரண்டே சாதி ஆட்கள். காட்டேரிகள் ஒரு சிலர்; வேகம், பலம், எதிரியை உற்றுப் பார்த்தே மயங்கி நிற்கவைக்கும் கண். மீதிப் பேர் அவர்களுடைய எடுபிடிகள். காட்டேரி ஒவ்வொரு தடவை அசையும்போதும் பகடை உருட்ட வேண்டும். மோசமாக விழுந்தால் அவனுக்குப் பசி வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் சொந்த எடுபிடியைக் கடிக்க வேண்டும். கடிபட்டவன் ஆட்டத்தை விட்டே போக நேரலாம். பக்கத்தில் எடுபிடியே இல்லையென்றால் காட்டேரி பந்தைக் கீழே போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குள் தாவிவிடுவான்.

“இதுதான்யா நம்ம டீமு,” என்றாய். கண்ணில் அப்படியொரு ஒளி.

பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தது சுமதி. ஞாயிறுதோறும் கீரனூரிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வருவாள். வாரம் முழுக்க திருச்சிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவள், அந்த ஒரு நாளையும் பஸ்ஸில் கழித்தாள். காட்டேரிகளுக்குக் கறுப்பு அங்கியும் சிவப்பு உதடும் போட்டு முடித்ததும் அவளுக்கு அலுத்துவிட்டது. எடுபிடிகளுக்குத் தன் இஷ்டத்துக்கு உடுப்புப் போட்டாள். ஒருவனுக்குக் காக்கிச் சட்டை, ஒருவனுக்குப் பச்சைத் துண்டு. ஒருவனுக்கு நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட கைலி. நகத்தைவிடச் சின்ன இடத்தில் அத்தனை கட்டங்களையும் எப்படிக் கோடு இழுத்தாள் என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

“எடுபிடிக்கு எதுக்கு இம்புட்டு டிசைனு? நாளைக்குக் கடிபட்டுச் சாகப் போறவன்,” என்றாய் நீ. “டீயப் போடு போ.”

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்குப் புள்ளிகள் சேரும். புள்ளி சேர்ந்தவன் புதிதாக ஒரு வித்தை கற்பான். அணி வளர்வது அப்படித்தான். நம் சண்டையும் அங்கேதான் தொடங்கியது. புள்ளி வரும் வழிகளையெல்லாம் நீ காட்டேரிகளுக்கே திருப்பினாய். கோல் போடும் தூரத்தில் எடுபிடி பந்தோடு நின்றாலும், அவன் கையிலிருந்து காட்டேரிக்கு வாங்கிக் கொடுத்து அவனைக்கொண்டு போடவைப்பாய். ரெண்டு எடுபிடிக்காவது கீழே விழாமல் மோதக் கற்றுக்கொடு, காட்டேரிக்குப் பசி வரும் நேரத்தில் ஆட்டத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டாமா என்று கேட்டேன்.

“சட்னி ஊத்தித் திங்கிற இட்லிக்கு எவனாச்சும் டியூசன் வைப்பானாய்யா?”

எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவனைச் சிறந்த ஆட்டக்காரனாகப் பகடை தேர்ந்தெடுக்கும். அதில் உன் பேச்சு எடுபடாது. அது திரும்பத் திரும்பக் கைலிக்காரன்மேல் போய் விழுந்தது. முதலில் அவன் மோதினாலும் விழாமல் நிற்கக் கற்றான். பிறகு வழுக்காமல் பந்தைப் பிடிக்கக் கற்றான். காட்டேரிகள் பசியில் தடுமாறும்போதெல்லாம் பந்து அவனிடம் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை அவனையே ஒரு காட்டேரி கடித்தான். எழுந்து நின்று, பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோல் போட்டான். சுமதி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள். அன்றைக்கு நீயும்தான் கை தட்டினாய். அதை மறைக்க மாட்டேன்.

அந்தப் பருவம் திருச்சி லீக்கில் இறுதி ஆட்டம்வரை வந்தோம். வித்தை கூடினால் ஆட்டக்காரனின் விலை கூடும்; அணியின் விலை கூடினால் எதிரணிக்குச் சலுகை கிடைக்கும். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் நீ கணக்குப் பார்த்தாய்.

“இந்தக் கைலிப்பய வெல ஏறிப்போச்சு. அனுப்பிரு. அந்த வெலைக்கு ஒண்ணுந் தெரியாத பயலுக ரெண்டு பேரு வாங்கிரலாம். சாப்பாடும் கூடும்.”

சுமதி கைலிக்காரனை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இறுதி ஆட்டம் திருச்சியில். எதிரணி குள்ளர்கள். அதன் பயிற்சியாளர் ரயில்வேயில் இருந்த ஒரு பொறியாளர், நிதானமானவர். பலகையைப் பார்த்ததும் கேட்டார்: “என்ன சார், கைலிய எங்க காணோம்?”

“ரிட்டையர் ஆயிட்டான்,” என்றாய். கூட்டம் சிரித்தது.

ஒன்றும் தெரியாத புதியவர்களைக் குள்ளர்கள் ஒவ்வொருவராகத் தட்டி வெளியே போட்டார்கள். மிச்சத்தை உன் காட்டேரிகளே கடித்துத் தீர்த்தார்கள். ஆட்டம் சமநிலையில் இருந்தது. பந்து உன் பெரிய காட்டேரியின் கையில், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். எஞ்சியிருந்த ஒரே எடுபிடி தள்ளி நின்றான்.

உன் நாற்காலிக்குப் பின்னால் நின்ற சுமதி குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, மொதல்ல அந்த எடுபிடியப் பக்கத்துல நகத்துங்க. அப்பறமா காட்டேரியத் தொடுங்க.”

நீ காட்டேரியைத் தொட்டாய். பகடையில் ஒன்று விழுந்தது. பசி. கடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. பந்து கீழே விழுந்தது, காட்டேரி கூட்டத்துக்குள் போனான், ஒரு குள்ளன் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தான். நடந்தேதான் போனான்; தடுக்க ஆளில்லை.

நீ நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்துச் சொன்னது இது. நான் பக்கத்தில் இருந்தேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை: “ஒனக்கு யாருடி கோச் வேல குடுத்தா? பிரஷ்ஷப் புடிக்கிறதோட நிறுத்திக்க. நீ வாயத் தொறந்ததாலதான் ஒண்ணு விழுந்துச்சு. வெளங்காத மூஞ்சி.”

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன்: “தப்பு ஒன் மேலய்யா. அவ சொன்னதுதான் சரி.”

“நீ என்ன அவளுக்கு ஜால்ராவா? போயி ஒன் நியூஸ எழுது.”

சுமதி டிபன் பையை எடுத்துக்கொண்டாள். “சரிண்ணே, நா பஸ்ஸுக்குக் கெளம்புறேன்.” அவ்வளவுதான். அதன் பிறகு அறந்தாங்கி மாடிக்கு அவள் வரவேயில்லை. நீ கூப்பிடவும் இல்லை. கேட்டால், “அவளுக்கு வேல சாஸ்தி” என்பாய். அடுத்த பருவமும் அதே மாதிரி ஆடினாய், அதே மாதிரி தோற்றாய். காட்டேரிகளுக்கு வித்தைமேல் வித்தை. சுற்றி நிற்க ஒரு தேறின ஆள் கிடையாது. பெயின்ட் உரிந்தது. யாரிடமோ கொடுத்துப் பூசிக்கொண்டு வந்தாய். காட்டேரிகளின் கண் கோணலாக ஒருபக்கம் பார்த்தது.

பிறகு நெஞ்சுவலி என்று போனாய், திரும்பவில்லை. உன் வீட்டு வாசலில் போட்ட நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது சுமதி. “தங்கச்சின்னா உசுரு அவருக்கு,” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் காபியைக் குடித்தேன்.

அணியைத் தனக்குக் கொடுக்கும்படி அவள் கேட்டபோது லீக்கில் சிலர் முகம் சுளித்தார்கள். “டீம் என்னம்மா சொத்தா, வாரிசுக்கு எழுதி வைக்க?” என்றார் ஒருவர்.

“வாரிசுன்னு கேக்கலங்க,” என்றாள் சுமதி. “அந்த ஆளுக அத்தன பேருக்கும் கண்ணு வச்சவ நான்.”

அவளுக்காக முதலில் கை தூக்கியவர் அந்தப் பொறியாளர் என்று லீக் நடத்துபவர் சொல்கிறார். நான் நேரில் பார்க்கவில்லை.

இன்று காலை, பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: “கைலிக்காரனத் தர முடியாதுன்னுட்டா?”

“ஒண்ணுந் தெரியாதவனா எடுத்துக்கிறேன்ணே. மொதல்லேருந்து சொல்லிக் குடுக்கிறேன். அவனுக்கு மட்டுமில்ல, எல்லா எடுபிடிக்கும்.”

“காட்டேரிக்குப் பசிச்சா?”

“கடிக்கட்டும். கடிக்கத்தானே செய்யும்? ஆனா யார, எப்பங்கிறத நான் சொல்லுவேன்.” ஊதி ஊதிக் கறுப்பைக் காயவைத்தாள். “அண்ணன் இருந்தா இந்நேரம் டீ கேட்டிருக்கும்,” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் கோபம் என்னிடம் இருக்கிறது. நீ போன பிறகும் குறையவில்லை; நீ இருந்து, ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருந்தால் குறைந்திருக்கும். சொல்ல உனக்கு நேரம் இருந்தது. ஒரு பருவம் முழுக்க இருந்தது.

வரும் ஞாயிறு திருச்சியில் சுமதியின் முதல் ஆட்டம். புதுக்கோட்டையில் நான் ஏறுகிற பஸ்ஸில் அவள் கீரனூரில் ஏறுவாள். கைலிக்காரனைப் பற்றிய முடிவை ஆட்டம் தொடங்குவதற்கு முன் அறிவிப்பதாக லீக் நடத்துபவர் கூறியிருக்கிறார். இதை எழுதும் நேரம்வரை ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதியாக இருப்பதாகத் தெரிகிறது. பொறியாளர் இன்னும் கருத்துச் சொல்லவில்லை.