மயில்கழுத்துச் சேலைக்காரம்மா போன் செய்வார்

மாமா,

கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். சாவி மீட்டர் பெட்டிமேல். அரிசிம்பருப்புச் சோறு குக்கரில், தயிர் ஃப்ரிட்ஜில்.

சேலை வாங்கிய சென்னை அம்மா ஆறு மணிக்குப் போன் செய்வார். கடை போனை மேசைமேல் வைக்கிறேன். சேலையைத் திருப்பி அனுப்ப நம் முகவரி கேட்பார், நிதானமாகச் சொல்லுங்கள். நீலம் என்று வாங்கினால் பச்சை வந்ததாம். பணத்தைத் திருப்பித் தர நான் ஒத்துக்கொண்டதில்தான் உங்களுக்குக் கோபம்.

"மயில்கழுத்து தெரியாதவங்களுக்கு ஏம்புள்ள சேல விக்கிற?" என்று கேட்டீர்கள். நீலப் பாவு நூலில் பச்சை ஊடை நூல் ஓட்டி நெய்தால் திருப்பத் திருப்ப நிறம் மாறும் என்பது எடப்பாடியில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஆன்லைனில் போட்ட விவரத்தில் நிறம் மயில்கழுத்து என்று மட்டும் எழுதினேன். படத்திலோ நீலம் மட்டும் தெரிகிறது. தப்பு யாருடையது என்று யோசித்தேன். பாதியாவது என்னுடையது. இப்போது இரண்டு நிறத்தையும் எழுதி, சேலையைத் திருப்பிக் காட்டும் வீடியோவும் போட்டுவிட்டேன். அவருக்கும் அனுப்பினேன். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

அவரைத் திட்டிவிடாதீர்கள்.

– நர்மதா

பின்குறிப்பு: செருப்பு மாட்டும்போதே அவர் கூப்பிட்டுவிட்டார்! "வீடியோ பாத்துட்டு சேலைய ஜன்னல்கிட்ட கொண்டுபோனேம்மா. மாமியார் பிடுங்கிக் கட்டிக்கிட்டாங்க. எனக்கு இன்னொண்ணு வேணும்."

ஆக, போனில் திட்ட ஆள் இல்லை. திட்டியே ஆக வேண்டுமென்றால், வகுப்பு முடியும்போது வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். நான் நிற்கிறேன்.