எங்கள் பெயரில் வந்த பணம்

இரண்டாம் டிவிஷன் லயம்,
சுங்கை சிப்புட்.
3 மார்ச் 2024

அன்புத் தங்கை ஜோசலினுக்கு,

விமலாக்கா எழுதுகிறேன். நீயும் உன் மகள் மிஷெலும் சுகம்தானே? எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லை. வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போன மாதம் நான் போனில் அனுப்பிய ஒரு செய்தி எட்டு குரூப் சுற்றி என் சூப்பர்வைசர் கைக்கே போய்ச் சேர்ந்தது. உனக்குச் சொல்ல வேண்டியதை இனி உனக்கு மட்டும் எழுதுவதாக முடிவு செய்துவிட்டேன்.

வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். இணையச் செய்தியில் நம் தொழிலாளர் சங்கமான உழைப்போர் மேடையைப் பற்றி வந்ததைப் பார்த்திருப்பாய். 'வெளிநாட்டுப் பணத்தில் ஆடும் கூட்டம்' என்று கொட்டை எழுத்துத் தலைப்பு. கீழே நம் தலைவர் மார்கஸ் படம், பக்கத்தில் டாலர் கட்டு. நான் பள்ளிக்கூடக் கழிவறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் தனேஷ் வாசலில் வந்து நின்றான்.

"என்ன விமலாக்கா, இந்த மாசம் வெள்ளைக்காரன் சம்பளம் ஏத்திட்டானா?"

"எனக்குச் சம்பளம் குடுக்கிறது உங்க கம்பெனிதான் லா. அதுவும் ரெண்டு மாசமா லேட்டு. அதைப் போட்டோ புடிச்சுப் போடச் சொல்லுங்க" என்றேன்.

கூட வேலை செய்யும் கலாதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துப்புரவு ஒப்பந்தம், அந்தக் கொந்தராக், வேறு கம்பெனிக்குக் கைமாறும்போதெல்லாம் நாங்கள் புது ஆள் கணக்கில் முதலிலிருந்து தொடங்கினோம். லீவு போச்சு, போனஸ் போச்சு. அப்போது எவனாவது எங்களுக்காக ஒரு வரி எழுதினானா? மழையில் எங்களோடு நின்று பதாகை பிடித்தது மேடைதான். இப்போது வந்து பணம் ஏது என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் வாயை அடைக்க எனக்கு நிஜ விவரம் வேண்டும். யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள், மறைக்காமல் எழுது.

இன்னொன்று. நம் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் நிற்கும் நிலத்தை வாங்கிய வீட்டுமனைக் கம்பெனி ஜனவரியில் இருபத்தேழு வீட்டுக்கும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியதே, அதற்கு மேடை வக்கீல் வைக்கும் என்று மார்கஸ் சொன்னார். மார்ச் வந்துவிட்டது. வக்கீல் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நீ பிறந்த லயம் இது. கொஞ்சம் ஞாபகப்படுத்து.

உன் அக்கா,
விமலா


ஈப்போ,
14 மார்ச் 2024

என் பிரியமான விமலாக்கா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மேடை ஆபீசில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கடிதம் வந்து எத்தனை காலமாயிற்று! மிஷெல் காம்பார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வாரக் கடைசியில் வந்தால் தூங்கிக்கொண்டே இருக்கிறாள்.

மறைக்க ஒன்றுமில்லை அக்கா. ஐரோப்பாவில் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அறநிறுவனம் ஆறு வருஷமாக நமக்குக் கொடுக்கிறது. ஆபீஸ் வாடகை, என் சம்பளம், வேன், சட்ட உதவி எல்லாம் அதில்தான். வருஷாவருஷம் ஆடிட் செய்து ஆண்டறிக்கையில் அச்சடிக்கிறோம். எதைப் பேசு, எதைப் பேசாதே என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இதைத் தைரியமாகத் தனேஷ் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இப்போது கத்துகிறார்களே, அதற்குக் காரணம் உண்டு. கொந்தராக் கைமாறினாலும் வேலைசெய்த வருஷங்கள் தொடர வேண்டும் என்று நாம் எழுதிக்கொடுத்தது மேலிடம்வரை போய்விட்டது. அதை ஆராயும் அரசாங்க ஆலோசனைக் குழுவில் மார்கஸ் அண்ணனையும் உட்கார வைக்கப் போகிறார்களாம். கட்டடத்துக்கு வெளியே நின்று கத்திய நாம் உள்ளே போகப் போகிறோம். அது சிலருக்குப் பொறுக்கவில்லை.

வக்கீல் விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். கொஞ்சம் பொறுங்கள். ஏப்ரல் இருபதாம் தேதி நம் பதினைந்தாம் ஆண்டு விருந்து. லயத்துக்கே மூத்தவரான செல்லாயி அத்தையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். உங்கள் இருவருக்கும் முன்வரிசை மேசை போட்டிருக்கிறேன்.

பாசத்துடன்,
ஜோசலின்


சுங்கை சிப்புட்,
22 ஏப்ரல் 2024

ஜோசலினுக்கு,

விருந்து முடியும் முன் ஏன் எழுந்து போனீர்கள் என்று போனில் கேட்டாய். அப்போது நான் பேசியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான் எடுக்கவில்லை.

நீ கதவருகே ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். மண்டபத்து மேடைக்கு நேர் எதிர் மேசையில் நீலச் சட்டையில் ஒருவர் இருந்தாரே, அவரைப் பார்த்ததும் செல்லாயி அத்தை என் கையைக் கிள்ளினார். "ஏண்டி, இவன்தானே நம்ம கதவுல நோட்டீஸ் ஒட்ட ஆள் கூட்டியாந்தான்?"

அவரேதான். எங்களைக் காலி செய்யச் சொன்ன கம்பெனியின் மேனேஜர். அவர்களுக்கு ஐந்து மேசை. பின்னால் தொங்கிய பேனரில், 'நன்றி' என்ற எழுத்துக்குக் கீழே முதல் பெயர் அந்தக் கம்பெனிதான். நாங்கள் வேர்வை சிந்தி வளர்த்த சங்கத்தின் பேனரில்!

எழுந்து மார்கஸிடம் போனேன். "மார்கஸ், இவரு யாருன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா?"

"அக்கா, இன்னிக்கு வேணாம். அப்புறம் பேசிக்கலாம்" என்றார், சிரித்த முகம் மாறாமல்.

மேனேஜரும் எழுந்தார். ரொம்ப மரியாதை. "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பின்னாலேயே வந்துவிட்ட செல்லாயி அத்தை மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்: "எங்க வீட்டை இடிச்சு வர்ற காசுல எங்களுக்கே விருந்தாய்யா?"

யாரோ உடனே பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். சத்தத்தைக் கூட்டினார்கள், ஜோசலின். வயசான மனுஷி ஒரு கேள்வி கேட்டதற்கு நம் சங்கம் சொன்ன பதில் அது.

மீன் தட்டு மேசைக்கு வந்தபோது நாங்கள் வெளியே பஸ் தேடிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டுப் பணம் என்று எவனோ சொன்னதற்கு நான் எத்தனை பேரோடு சண்டை போட்டேன்! உள்ளூர்ப் பணத்தைப் பற்றி ஒருவனும் எழுதவில்லையே. வக்கீல் ஏன் வரவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. எனக்குப் புரிந்தது தப்பு என்று நீ எழுது. எழுதினால் சந்தோஷப்படுவேன்.

விமலா


ஈப்போ,
6 மே 2024

அன்புள்ள அக்கா,

தப்பு என்று எழுத ஆசைதான். முடியவில்லை.

அந்தச் செய்தி வந்த பிறகு வங்கி நம் கணக்கைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டது. அறநிறுவனம் பயந்துபோய் இந்த வருஷப் பணத்தை நிறுத்திவிட்டது. ஆபீசில் நாங்கள் ஆறு பேர். இரண்டு மாதம் சம்பளமில்லை. வெளிநாட்டுக் காசு கூடாது என்று ஊரே கத்துகிறது. உள்நாட்டில் யாரிடம் காசு இருக்கிறது அக்கா? ரப்பர் பால் வெட்டியவர்களிடமா, கூட்டிப் பெருக்குகிறவர்களிடமா? வீட்டுமனைக் கம்பெனிக்காரர்கள் தாங்களே பணத்தோடு வந்தார்கள். நிபந்தனை ஒன்றும் எழுதவில்லை. மார்கஸ் அண்ணன் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "சுங்கை சிப்புட் விஷயத்துல கொஞ்ச நாளைக்கு நம்ம பேரு வேணாம்."

எனக்கு உறுத்தவில்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் ஆலோசனைக் குழுவில் அண்ணன் இருந்தால் பதினோராயிரம் துப்புரவுத் தொழிலாளிக்கு நன்மை வரும். அதில் நீங்களும் ஒருவர். இன்னொரு பக்கம் இருபத்தேழு வீடு. ஆபீஸ் மூடிவிட்டால் இரண்டு பக்கமும் இல்லை. நானும் மனுஷிதான். இந்தச் சம்பளத்தில்தான் மிஷெல் படிக்கிறாள். அவள் அப்பா போன பிறகு எங்களுக்கு வேறு வருமானம் ஏது என்று உங்களுக்குத் தெரியும்.

ஜூன் பொதுக்கூட்டத்தில் இதைக் கிளப்பாதீர்கள். எனக்காக.

ஜோசலின்


சுங்கை சிப்புட்,
25 ஜூன் 2024

ஜோசலின்,

உனக்காக எதையும் செய்திருப்பேன். இதைச் செய்ய முடியவில்லை. நடந்ததை நீ நேரில் பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

நான் எழுந்ததும் மார்கஸ் "அக்கா, இது அஜெண்டாவுல இல்ல" என்றார். "நானும்தான் உங்க அஜெண்டாவுல இல்ல. என் வீடும் இல்ல" என்றேன். கம்பெனிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், லய வழக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் சொன்னேன். கலாதேவி வழிமொழிந்தாள். அதற்கு மார்கஸ் என்ன சொன்னார்? "பெரிய போராட்டத்துக்கு எல்லாரும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்."

அவர் எதை விட்டுக்கொடுத்தார்? அவர் வீடு ஈப்போவில் பத்திரமாக நிற்கிறது. பதினோராயிரம், இருபத்தேழு என்று நீயும் எழுதினாய். என்னைக் கேட்டாயா? அந்தப் பதினோராயிரத்தில் ஒருத்தியான நான், செல்லாயி அத்தையின் கூரையை விற்று எனக்கு லீவு வாங்கிக்கொடு என்று எப்போது கேட்டேன்?

எங்களுக்குப் பத்தொன்பது கை, அவர்களுக்கு அறுபத்தொன்று. தோற்றது எனக்குப் பெரிசில்லை. எண்ணிக்கொண்டிருந்த உன் கை எந்தப் பக்கமும் உயரவில்லை. அதைத்தான் பார்த்தேன்.

வாசலில் அந்த இணையச் செய்திக்காரன் பிடித்துக்கொண்டான். "மேடையைப் பத்திச் சொல்லுங்கக்கா, பெருசா போடுறோம்" என்றான். "உங்க பக்கத்துல மேல வர்ற விளம்பரம் அந்த வீட்டுமனைக் கம்பெனியோடதுதானே தம்பி? மொதல்ல அதைப் போடுங்க" என்றேன். போனை அணைத்துக்கொண்டு போய்விட்டான். இவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று நம்மைக் கூறு போடுகிறார்கள்.

பத்து காஜா ஊரில் எரிக் என்று ஓர் இளம் வக்கீல் எங்கள் வழக்கை எடுத்திருக்கிறார். ஈப்போ கோர்ட்டில் ஆகஸ்ட் பதினான்கு விசாரணை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். 1998இல் தோட்டத்தை விற்றபோது, நிலம் யார் கைக்குப் போனாலும் மாற்று வீடு கொடுக்காமல் லயத்து ஆட்களைக் கிளப்பக் கூடாது என்று பழைய நிர்வாகம் எழுதிக்கொடுத்த கடிதம். தொழிலாளர் தரப்பில் கையெழுத்துப் போட்டது செல்லாயி அத்தையின் கணவர் ராமையா. நோட்டீஸ் வந்த வாரம் அத்தை அதைத் தன் கையாலேயே உன்னிடம் கொடுத்தார். எங்களிடம் இருப்பது நகல் மட்டும். நகலை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்கிறதாம்.

மூன்று முறை ஆபீசுக்குப் போன் செய்தோம். தேடுகிறோம் என்கிறார்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறதென்று உனக்குத் தெரியும். கொடு.

விமலா


ஈப்போ,
5 ஆகஸ்ட் 2024

விமலாக்கா,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடவில்லை. கோழையாக இருந்தேன், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

போன வாரம் மார்கஸ் அண்ணனிடம் கேட்டேன். "அந்த ஃபைல் இப்ப வெளிய போகக்கூடாது. கம்பெனிகூட பேசிக்கிட்டு இருக்கோம். கோர்ட்டுன்னு போனா எல்லாம் கெட்டுரும்" என்றார்.

"அது நம்ம பேப்பர் இல்லையேண்ணே, அவங்களோடதாச்சே" என்றேன்.

"உன் சம்பளம் எங்கேருந்து வருதுன்னு யோசிச்சுப் பேசு."

இருபது வருஷத்துக்கு முன் கையுறை ஃபேக்டரியில் மேனேஜர் என்னிடம் இதே மாதிரி பேசியபோது, கூட நின்று எதிர்த்துக் கேட்டவர் மார்கஸ் அண்ணன்தான். அவர் வாயிலிருந்தே இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு கோபம்.

அசல் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் ராஜினாமாவை அவர் மேசையில் வைத்துவிட்டேன். ஃபைலை நான்தான் எடுத்தேன் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன். மிஷெலிடம் சொன்னேன். பகுதிநேர வேலை தேடிக்கொள்வதாகச் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் அழுதேன்.

எங்களைத் திட்டுங்கள், என்னையும் திட்டுங்கள். ஆனால் பதினைந்து வருஷமும் பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா. மழையில் நின்றது பொய்யில்லை. நேரில் வந்து கொடுக்க எனக்கு முகமில்லை. அதனால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

ஜோசலின்


சுங்கை சிப்புட்,
16 ஆகஸ்ட் 2024

ஜோசலினுக்கு,

கடிதம் பத்திரமாக வந்தது. கோர்ட்டில் எரிக் அதை எடுத்து நீட்டியதும் எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி இரண்டு முறை படித்தார். வழக்கு முடியும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்று தடையுத்தரவு போட்டார். வழக்கு எத்தனை வருஷம் இழுக்குமோ தெரியாது. நேற்று கம்பெனிக்காரர்கள் இங்கே நிறுத்தியிருந்த இடிப்பு இயந்திரத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லயமே வெளியே வந்து நின்று பார்த்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

மார்கஸ் குழுவில் சேர்ந்துவிட்டார் என்று செய்தியில் வந்தது. கோட்டு போட்ட படம். அவர் அங்கே எங்களுக்கு நல்லது செய்தாலும் செய்யலாம். செய்தால் வாங்கிக்கொள்வோம், அது எங்கள் உரிமை. ஆனால் எங்கள் பெயரைச் சொல்லிக் காசு வாங்கி, அந்தக் காசுக்காகவே எங்களை ஒளித்து வைத்தாரே, அதை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

மழையில் நின்றது பொய்யில்லை. நானும் நின்றேனே, எனக்குத் தெரியாதா?

நீ செய்தது சின்னக் காரியமில்லை. வேலையை விட்டு, பிள்ளை படிப்பைப் பணயம் வைத்துச் செய்திருக்கிறாய். இருந்தும் என் கோபம் ஆறவில்லை. ஏழு மாதம் அது உன் அலமாரியில் இருந்தது. அந்த ஏழு மாதமும் இங்கே இருபத்தேழு வீட்டில் யாரும் கூரைக்கு ஒரு புதுத் தகரம் வாங்கவில்லை. எதற்கு வாங்குவது, இடிக்கத்தானே போகிறார்கள் என்று. ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மன்னிப்பை என்னிடம் தபாலில் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வா. இருபத்தேழு கதவு இருக்கிறது. முதல் கதவு செல்லாயி அத்தையுடையது. நான் உன்கூட வர மாட்டேன், நீயே தட்டு. கடைசிக் கதவு என்னுடையது. அங்கே வந்து சேரும்போது நேரம் எத்தனை ஆனாலும் சோறு இருக்கும்.

உன் அக்கா,
விமலா